நான்கு பேஸும் ஒரு குதிகாலும்

எங்கள் குழுவில் இதுவரை நான்கு பேர் பேஸ் கிட்டார் வாசித்திருக்கிறார்கள். நால்வரில் யார் உசத்தி என்று கேட்காத ஆளில்லை. கச்சேரி முடிந்து வயர் சுருட்டும்போது கேட்பார்கள், கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்கு வந்து கேட்பார்கள். என் தங்கை ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். பல் பிடுங்க வந்த ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அவளிடம் கேட்டாராம். அவள் என்னைக் கை காட்டி விட்டிருக்கிறாள். அந்த மட்டும் அவளுக்குப் புத்தி உண்டு. அவள் பாடுகிறவள், மேடையில் முன்னால் நிற்கிறவள், பேஸ் அவள் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ இருக்கும். அவள் புருஷன் கிட்டார். அவருக்குத் தன் சத்தத்தைத் தவிர உலகத்தில் வேறொன்றும் காதில் விழாது. ஒப்பிட்டுப் பேசுகிற உரிமை எனக்குத்தான், ஏனென்றால் டிரம்ஸ் நான்.

நாங்கள் வாசிப்பது ஃபங்க். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: உட்கார்ந்து தலையாட்டிக் கேட்கிற சங்கதி இல்லை இது, கேட்கிறவர் இடுப்பு அவரைக் கேட்காமலே அசைய வேண்டும். அசைக்கிற பொறுப்பு டிரம்ஸுக்கும் பேஸுக்கும். என் வலது கால் பெரிய டிரம்மை உதைக்கிற அதே நொடியில் பேஸின் தடித்த கம்பி அதிர வேண்டும். இரண்டும் ஒன்றாக விழுந்தால் பாட்டுக்கு நடை வந்துவிடும். விழாவிட்டால் மற்றவர்கள் தலைகீழாக நின்று வாசித்தாலும் ஒன்றும் நடக்காது.

பயிற்சிக்கு எங்களுக்கு ஒரு மெத்தைக் கடையின் பின்பக்கக் கிடங்கு. கிட்டார்காரர் அந்தக் கடையில்தான் வேலை பார்க்கிறார், அந்தச் சலுகை. சுவரெல்லாம் மெத்தைகளைச் செங்குத்தாக நிறுத்தியிருப்பார்கள். சத்தம் தெருவுக்குப் போகாது, அக்கம்பக்கத்தில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். மெத்தைகள் வந்திறங்குகிற மரச்சட்டங்கள் இரண்டைப் போட்டு, மேலே ஒட்டுப்பலகை அடித்து, அதன்மேல் என் டிரம்ஸ். பகலெல்லாம் நான் ஓர் அச்சகத்தில் மடிப்பு இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவள். காகிதம் சிக்கினாலும் என்னைத்தான் திட்டுவார்கள், மை அப்பினாலும் என்னைத்தான். அந்தப் பலகையில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் ஏழு பேர் என் காலைப் பார்த்து நடப்பார்கள். வாழ்க்கையில் எனக்கென்று இருக்கிற ஒரே இடம் அது என்று சொன்னால் மிகையில்லை.

முதல் பேஸ் எங்கள் பெரியப்பா மகன். குழாய் வேலை செய்கிற அண்ணன். விரல்கள் ஒவ்வொன்றும் குழாய் தடிமன் இருக்கும். இந்தக் கையை வைத்துக்கொண்டு கம்பியை மீட்டப் போகிறாரா, பிடுங்கப் போகிறாரா என்று ஆரம்பத்தில் நாங்கள் சிரித்தோம். சிரித்த வாயை மூட வைத்துவிட்டார். அண்ணனிடம் இருந்தது பொறுமை. மற்றவர்கள் பத்து சுரம் வாசிக்கிற இடத்தில் அவர் ஒன்று வாசிப்பார், பிறகு பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அதில்தான் ஜனங்கள் ஆடினார்கள். ஒரு கச்சேரியில் பாதிப் பாட்டில் கரண்ட் போய்விட்டது. பாட்டு, கிட்டார், கீபோர்டு எல்லாம் செத்துப்போய் என் டிரம்ஸ் மட்டும் மிச்சம். நிறுத்திவிடலாமா என்று திரும்பினால் அண்ணன் ஊமையாகிப்போன கம்பியைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறார். அவரைப் பார்த்து நானும் விடவில்லை. கரண்ட் வந்தபோது பேஸ் எங்கே விழ வேண்டுமோ, முடியளவு பிசகாமல் அங்கே விழுந்தது. கூட்டம் எழுப்பிய கூச்சலில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெளியூரில் ஒரு பெரிய கட்டடத்துக்கு மொத்தக் குழாய் வேலையும் கிடைத்து அவர் கிளம்பியபோது நான் மூன்று நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

இரண்டாவது ஒரு தையல்காரி. பட்டப்பெயர் கட்டைவிரல். ஊசியும் கத்தரியும் பிடித்து இறுகிப்போன கட்டைவிரலால் கம்பியை அவள் அடித்தால் பொரிகிற மாதிரி சத்தம் வரும். அண்ணன் காத்திருந்த இடத்தையெல்லாம் இவள் நிரப்பினாள். நான் ஒரு சவாலை வீசினால் பதிலுக்கு இரண்டு வரும். வாய்ச்சண்டையும் அப்படியே. "அக்கா, நீங்க ஓடுறீங்க" என்பாள். "நீதான்டி இழுக்கிற" என்பேன். எந்தச் சுரத்துக்கு மெத்தை உறையின் பிளாஸ்டிக் சேர்ந்து சடசடக்கிறது என்று கண்டுபிடித்து, அந்தச் சுரத்தை வைத்தே ஒரு பாட்டு கட்டினாள். மெத்தையும் நம்ம குழுதான் என்றாள். கையைப் பொறுத்தவரை நால்வரில் அவள்தான் கெட்டிக்காரி, இதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. இவ்வளவு கெட்டிக்காரியை மெத்தைக் கிடங்கில் எத்தனை காலம் வைத்திருக்க முடியும்? பெரிய குழு ஒன்று கூப்பிட்டது, போனாள். நாங்களே பெட்டி கட்டி அனுப்பினோம். இப்போதும் எங்கிருந்தாவது போன் செய்து, "அக்கா, உங்க கால் மாதிரி ஒரு கால் இங்க யாருக்கும் இல்ல" என்பாள். பொய்யாக இருந்தாலும் கேட்க நன்றாக இருக்கும்.

மூன்றாவது என் மாப்பிள்ளை. மகளைக் கட்டிக்கொண்டவர், வங்கியில் குமாஸ்தா. இங்கேதான் சிக்கல். பேஸ் வாசிக்கிறவரைத் திட்டாமல் ஒரு டிரம்ஸ்காரி எப்படிக் குடித்தனம் நடத்துவது? மாப்பிள்ளையைத் திட்ட முடியுமா? "மாப்பிள்ளை, அந்த இடத்துல கொஞ்சம் முன்னாடி வந்துட்டீங்களோன்னு தோணுச்சு" என்று நான் தேன் தடவிப் பேசுவதைக் கேட்டு என் தங்கை மெத்தையில் முகம் புதைத்துச் சிரிப்பாள். ஆனால் மனுஷன் பேஸைப் பாட வைத்தார். தடித்த கம்பிக்குள் இத்தனை இனிமை இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மகள் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது அவர் ஒரு பாட்டின் நடுவில் தனியாகக் கொஞ்சம் வாசித்தார். அடித்துக்கொண்டே அழுதேன், வியர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அவர் காலத்தில்தான் என் காது போக ஆரம்பித்தது. முதலில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாமியார் பக்கத்தில் இருக்கிறார் என்ற மரியாதைக்கு மாப்பிள்ளை அடக்கி வாசிக்கிறார் என்றே நினைத்தேன். சத்தத்தைக் கூட்டுங்கள் என்று சொன்னேன், கூட்டினார். மறுபடி சொன்னேன், மறுபடி கூட்டினார். ஒருநாள் கிட்டார்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். எனக்கு மட்டும் பேஸ் பக்கத்து வீட்டில் வாசிப்பது போலத்தான் இருந்தது. கோளாறு என் காதில்தான் என்று அன்றைக்குப் புரிந்தது.

டாக்டரிடம் தனியாகப் போனேன். காதுக்குள் அரிசி மணியைவிடச் சின்னதாக ஓர் எலும்பு உண்டாம், அது அசைந்தால்தான் சத்தம் உள்ளே போகுமாம். எனக்கு அது இரண்டு பக்கமும் இறுகிக்கொண்டு வருகிறது. சிலருக்குக் குடும்பத்தில் வருவது, தாழ்ந்த சத்தங்கள் முதலில் போகும் என்றார். இரும்பு இசைக்கவை ஒன்றைத் தட்டிக் காதருகே பிடித்தார், கேட்கவில்லை. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார், கணீரென்று கேட்டது. எலும்பு வழியாக எல்லாம் நன்றாகத்தான் போகிறது, ஆபரேஷன் செய்து பார்க்கலாம், ஆனால் சிலருக்கு மொத்தமாகவே போய்விடுவதும் உண்டு என்று நேர்மையாகச் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. காரணம் என் தங்கை. வயதில் இளையவள், ஆனால் குழு அவளுடையது. பாட்டு என்று வந்துவிட்டால் சொந்தபந்தமெல்லாம் வாசலோடு சரி. எங்கள் டிரம்பெட்காரர் அப்பாவின் சிநேகிதர், எங்களைத் தோளில் தூக்கி வளர்த்தவர். பல்செட் கட்டிய பிறகு அவருக்குக் காற்று நழுவியது. தங்கை அவருக்கு மாலை போட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டு, அன்றைக்கே நிறுத்தினாள். பேஸ் கேட்காத டிரம்ஸ்காரியை அவள் எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்? ஆக, அவளுக்குத் தெரிந்தால் என் பலகை போயிற்று. இந்தப் பயம் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் கூடவே இருந்தது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளைக்கு மாற்றல் வந்தது. மகளையும் பேரப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனார். நான்காவதாக வந்தவர் ஒரு கண்ணாடிக்கடைக்காரர். மூக்குக்கண்ணாடி விற்கிறவர், என் வயதுதான் இருக்கும். ஒல்லி, அதிகம் பேசமாட்டார். இவரைப் பற்றி என்ன சொல்வது என்றே எனக்கு நெடுநாள் தெரியவில்லை. அண்ணனின் கம்பீரம் இல்லை, கட்டைவிரலின் குறும்பு இல்லை, மாப்பிள்ளையின் இனிமை இல்லை. இருக்கிறாரா என்று கேட்டால் இருக்கிறார். அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்றில் மட்டும் தனித்து நின்றார், அது என் எரிச்சலைக் கிளப்புவதில். மற்ற மூவரும் எட்ட நின்று வாசித்தார்கள். இவர் முதல் வாரமே என்னை உரசுகிற தூரத்துக்கு வந்தார். வந்ததோடு விட்டாரா? வலது குதிகாலை என் ஒட்டுப்பலகையின் ஓரத்தில் ஏற்றி வைத்துக்கொண்டு, பாட்டு ஓட ஓட அமுக்கி அமுக்கி மிதிப்பார். ஒவ்வொரு மிதிக்கும் என் முக்காலி அதிரும். இடம் விட்டு நிற்கச் சொன்னேன். தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றார். காலை எடுங்கள் என்றேன். எடுத்தார், அடுத்த பாட்டில் பழையபடி வைத்தார். பேஸ் வாசிக்க வந்தாரா, சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தாரா என்று எல்லார் முன்னாலும் கேட்டும் பார்த்தேன். மனுஷன் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

அவர் மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பயிற்சிக்குக் கூடவே வருவார், செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஒரு மெத்தைக் கட்டின் மேல் உட்கார்ந்திருப்பார். கூப்பிட வேண்டுமென்றால் கணவர் தரையை லேசாக ஒரு மிதி மிதிப்பார், அந்த அம்மா உடனே திரும்புவார். பிறகு இரண்டு பேரும் கையால் பேசிக்கொள்வார்கள். வீட்டில் மிதித்து மிதித்துப் பழகிய கால், இங்கேயும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று நான் முடிவு கட்டினேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஆனால் ஒரு விஷயம் உண்மை. அவர் வந்த பிறகு என் அடி சுத்தமானது. மாப்பிள்ளை காலத்தின் கடைசியில் தடவித் தடவி வாசித்துக்கொண்டிருந்தவள், இப்போது கண்ணை மூடிக்கொண்டு முதல் அடியில் நச்சென்று இறங்கினேன். காது போனாலும் என் கை போகவில்லை, இத்தனை வருஷ அனுபவம் என்றால் சும்மாவா என்று உள்ளுக்குள் ஒரே பெருமை. தங்கைகூட ஒருநாள், "அக்கா, இப்பல்லாம் வெளுத்து வாங்குற" என்றாள். அந்த வார்த்தையை நான் பல நாள் அசைபோட்டேன்.

இந்தத் தெம்பில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எங்கள் பாட்டுகளை முதல்முறையாக ஒழுங்கான ஸ்டூடியோவில் பதிவு செய்ய ஏற்பாடாகியிருந்தது. டிரம்ஸுக்குத் தனிக் கண்ணாடி அறை. மற்றவர்கள் எங்கே நிற்க வேண்டும் என்று ஒலிப்பதிவுக்காரர் விசாரித்தபோது நான் முந்திக்கொண்டேன். பேஸ்காரரை எவ்வளவு தூரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில் வையுங்கள், அவருக்குக் காலை அடக்கத் தெரியாது, அந்தச் சத்தமெல்லாம் என் மைக்கில் விழும் என்றேன். ஒலிப்பதிவுக்காரர் என் மைக்குகளைப் பொருத்திவிட்டுக் கண்ணாடிக்கடைக்காரரை நடைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன அறையில் விட்டார். போகும்போது கண்ணாடிக்கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். நான் குச்சியை எடுத்து எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

ஹெட்போனில் தங்கையின் குரல் வந்தது, கிட்டார் வந்தது, கீபோர்டு வந்தது. பேஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. கைவிட்டுத் துழாவினாலும் தட்டுப்படாத வெறும் குழி. ஞாபகத்தை நம்பி அடித்தேன். பாதிப் பாட்டுக்குள் கிட்டார் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். நிறுத்தினார்கள். மறுபடி ஆரம்பித்தோம், முன்னைவிட மோசம். கண்ணாடிக்கு அப்பால் தங்கையின் நெற்றி சுருங்குவதைப் பார்த்தேன். உள்ளங்கை ஈரமாகிக் குச்சி வழுக்கியது. மூன்றாவது முறையும் சரிந்தபோது எனக்கு வேறு வழி தெரியவில்லை. பேஸ் பின்னால் இழுக்கிறது, அதனால்தான் என்னால் நிற்க முடியவில்லை என்று மைக்கில் சொன்னேன். சொல்லும்போதே வாய் கசந்தது.

ஹெட்போனில் ஒலிப்பதிவுக்காரர் குரல் வந்தது. பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. "இந்தத் தடவை பேஸ் உங்களுக்குப் போகவே இல்லையே. கம்பியில ஏதோ இரையுதுன்னு நான்தான் நிறுத்தி வெச்சிருந்தேன்" என்றார்.

என் முகத்தில் ஈயாடவில்லை. வராத பேஸ் இழுக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடிக்கு அப்பால் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தங்கை மட்டும் பார்க்கவில்லை, தன் கையிலிருந்த பாட்டுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரம்பெட்காரரை நிறுத்திய அன்றும் அவள் முதலில் இப்படித்தான் கீழே பார்த்தாள்.

அப்போது கண்ணாடிக்கடைக்காரர் தன் அறையிலிருந்து எழுந்து, நடையைக் கடந்து, என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். பேஸ் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. நாலு பேர் முன்னால் நான் அவர்மேல் பழி போட்டிருக்கிறேன், கேட்கத்தான் வருகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எனக்கு எதிரே வந்து, என் முகத்துக்கு நேராகத் தன் முகம் இருக்கும்படி குந்தி உட்கார்ந்தார்.

"நான் அங்க நின்னா உங்களுக்கு வராது" என்றார். "இங்கயே நிக்கிறேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரி முதல் நாளே சொல்லிட்டா. 'டிரம்ஸ் அடிக்கிற அம்மா யார் பேசினாலும் கண்ணைப் பாக்கல, வாயைப் பாக்குறாங்க. பேஸ் தொடங்கினா மட்டும் உங்க விரலைப் பாக்குறாங்க. கொஞ்சம் பலகையில மிதிச்சுப் பாருங்க'ன்னா. மிதிச்சேன். சரியா வந்துட்டீங்க."

முதல் நாளே. அதற்குப் பிறகு எத்தனை பயிற்சி, எத்தனை கச்சேரி. ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு முதல் அடிக்கும் இந்த மனுஷன் என் எலும்புக்குள் பேஸை மிதித்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதைக் கையாலாகாத்தனம் என்று நினைத்திருக்கிறேன். காலை எடுக்கச் சொன்னேன், சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தீரா என்றேன். அவருக்கு வராது என்று நினைத்த அலங்காரமெல்லாம் வராமல் இல்லை, ஒரு கால் என்னிடம் இருந்ததால் கையை அடக்கி வைத்திருந்தார். நான் அச்சகத்தில் எத்தனையோ திட்டு வாங்கியவள், அழுததில்லை. அங்கே மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். ஏன் இதை என்னிடம் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்களாகச் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது என்றார். பிறகு நான் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன்: டாக்டர், எலும்பு, ஆபரேஷன் பயம், தங்கைக்குத் தெரிந்தால் இந்த முக்காலி போய்விடும் என்பது வரை.

எங்களைச் சுற்றி எட்டு மைக் நின்றுகொண்டிருந்தது. ஒன்றைக்கூட யாரும் நிறுத்தவில்லை. டிரம்ஸில் விழுகிற தூசியைக்கூடக் கேட்கும்படி வைத்த மைக்குகள் அவை. அந்தப் பக்கம் அத்தனை பேரும் நான் மூக்கு உறிஞ்சியது உட்பட ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் மேடையில் இருந்த இரண்டு பேர் மைக்குக்கு நடுவில் உட்கார்ந்து ரகசியம் பேசியிருக்கிறோம்.

கதவு திறந்தது. தங்கை. அவள் வந்து நின்ற விதத்திலேயே எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"எத்தனை நாளா?" என்றாள்.

"மாப்பிள்ளை இருந்தப்பவே."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவ. டிரம்பெட் மாமாவை நிறுத்தின மாதிரி."

அவள் கண் கலங்கியது, ஆனால் குரல் இளகவில்லை. "மாமாவை நான் பல்லுக்காக நிறுத்தல. அவரால வாசிக்க முடியலக்கா, அதனாலதான். நீ வாசிச்சுக் காட்டு. முடியலைன்னா வேற யாரும் சொல்ல வேணாம், நானே சொல்றேன்."

அது அவள் பேச்சு. வேறு மாதிரி பேசியிருந்தால் எனக்கு நம்பிக்கை வந்திருக்காது. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் ஓர் அறை விட வேண்டும் போலவும் இருந்தது.

ஸ்டூடியோவின் தரை ரப்பர். அதில் எவ்வளவு மிதித்தாலும் எனக்கு ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் சுற்றும்முற்றும் பார்த்தார், ஷூவைக் கழற்றினார், என் முக்காலியின் ஒரு காலில் குறுக்குக் கம்பி இருந்தது, அதன்மேல் குதிகாலை ஏற்றினார். இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒரு மிதி மிதித்தார். முதுகெலும்பு வழியாக மண்டைக்குள் வந்து இறங்கியது. ஒலிப்பதிவுக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். பேஸை வயர் வழியாக நேரே எடுத்துக்கொள்ளலாம், அதில் சிக்கலில்லை, ஆனால் இவர் மிதிக்கிற சத்தம் டிரம்ஸ் மைக்கில் விழும், பிறகு அழிக்க முடியாது, ரெக்கார்டில் கடைசிவரை இருக்கும் என்றார்.

"விழட்டும்" என்றாள் தங்கை. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

எண்ணினேன். முதல் அடியில் என் காலும் அவர் குதிகாலும் சேர்ந்து இறங்கின. அந்தப் பாட்டை நான்கு பேரோடும் வாசித்திருக்கிறேன். அண்ணனோடு வாசித்தபோது தைரியமாக இருந்தது, கட்டைவிரலோடு திமிராக இருந்தது, மாப்பிள்ளையோடு நெஞ்சு நிறைந்திருந்தது. மூன்று பேரும் பாட்டுக்கு வாசித்தவர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த மனுஷர் பாட்டுக்கும் வாசித்து எனக்கும் வாசித்தார். ஒரு பேஸை இரண்டு தடவை, ஒன்று கையால், ஒன்று காலால், ஒரே நேரத்தில். இதை வேறு யாராவது செய்து நான் பார்த்ததில்லை. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் நான் வேண்டுமென்றே ஓர் அடியை விட்டேன், அவரும் அங்கே கம்பியை விட்டார், முக்காலியை மட்டும் மிதித்தார். நான் இருக்கிறேன் என்று சொன்ன மாதிரி இருந்தது. அப்படியே கடைசிவரை போனோம்.

பாட்டு முடிந்து தாளத்தட்டின் ஓசை அடங்கும்வரை யாரும் அசையவில்லை. நான் கண்ணாடியைப் பார்த்தேன். ஒலிப்பதிவுக்காரர் தலையசைத்தார், கிட்டார்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அவர்கள் எனக்குப் பொருட்டில்லை. தங்கை தலை குனிந்து நின்றாள். தாளைப் புரட்டினாள், மறுபடி புரட்டினாள்.

பிறகு நிமிர்ந்தாள். என் ஹெட்போனுக்குப் பேசுகிற பொத்தானை நோக்கி அவள் கை போனது, பாதியில் நின்றது. பொத்தானை விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு மிக அருகில் வந்தாள். முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, வாயை எனக்கு நேராக வைத்து, சத்தமே இல்லாமல், ஒவ்வோர் எழுத்தாக, "அடுத்த பாட்டு" என்றாள்.

எனக்குக் கண் மறைத்தது. துடைக்கவில்லை. குச்சிகளைத் தூக்கி அடுத்த பாட்டுக்கு எண்ண ஆரம்பித்தேன்.